பேரப்பிள்ளையை ஒளித்துவைக்கும் பெற்றோருக்கு

மகள் வயதுக்கு வந்தபோது சிகாமட் முழுக்கச் சொன்னோம். மண்டபம் பிடித்தோம். வாசலில் அவள் படம் போட்ட பேனர் கட்டினோம். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டோடு நடந்து வர மேளம் வைத்தோம். மறுநாள் விடிவதற்குள் படங்களையெல்லாம் முகநூலில் ஏற்றினோம். அவளுக்கு அப்போது பன்னிரண்டோ பதின்மூன்றோ. பெண்ணின் உடம்பு பிள்ளை பெறத் தயாராகிவிட்டது என்று ஊருக்கே அறிவித்த நம்மில் எத்தனை பேர், அந்த உடம்பைப் பற்றி அவளிடம் உட்கார்ந்து பேசினோம்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

அதே பெண் பதினேழு வயதில் வயிற்றில் பிள்ளையோடு நின்றால் நமக்கு வாய் அடைத்துவிடுகிறது. சன்னலைச் சாத்துகிறோம். பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி அனுப்புகிறோம். குளுவாங்கிலோ சிரம்பானிலோ இருக்கும் சித்தி வீட்டுக்கு இரவோடு இரவாகக் காடியில் ஏற்றுகிறோம். கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுகிறோம். பிறகு பூசையறையில் போய் உட்கார்ந்து, சாமி ஏன் இப்படிச் சோதிக்கிறது என்று அழுகிறோம். சாமியை விடுங்கள். அந்தப் பெண்ணுக்கு இரத்தத்தில் எவ்வளவு இரும்புச்சத்து இருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா?

கோபம் வரட்டும், பரவாயில்லை. நானும் பெண் பிள்ளைகளைப் பெற்றவள்தான். அந்த நிலையில் ஒரு தாய்க்கு அடிவயிறு எப்படிக் கலங்கும் என்று தெரியாமல் பேசவில்லை. ஆனால் கலங்குவது ஒன்று, கதவைப் பூட்டுவது வேறொன்று. நம் ஊரில் உதவி இல்லாமலில்லை. கிளினிக் இருக்கிறது, சமூகநல இலாகா இருக்கிறது, பதிவு இலாகா இருக்கிறது, படிப்பைத் தொடர வழி இருக்கிறது. அந்த உதவிக்கும் நம் பெண்ணுக்கும் நடுவில், வாசற்படியில் குறுக்கே படுத்திருப்பது பெற்றோராகிய நாம்.

கிளினிக் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அம்மா முன்னால், மகள் பின்னால். வெயில் கொளுத்துகிற பகலில் மகளுக்கு முழங்கால் வரை தொங்கும் தொளதொளச் சட்டை. தாதி மிஸ்ஸி வயதைக் கேட்கிறார், “உமூர் பெராப்பா, டெக்?” மகள் வாய் திறப்பதற்குள் அம்மா, “பத்தொன்பது” என்கிறாள். அடையாள அட்டையான ஐசியை வாங்கிப் பார்த்த மிஸ்ஸிக்குப் பதினேழு என்று தெரிகிறது. ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொள்கிறார். கடைசியாக மாதவிலக்கு எப்போது என்று கேட்டால் அதற்கும் அம்மாவே பதில். தலை சுற்றுகிறதா, கால் வீங்குகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா, எல்லாவற்றுக்கும் அம்மா. பிள்ளை இருப்பது அம்மா வயிற்றிலா மகள் வயிற்றிலா என்று கேட்கத் தோன்றும். இந்த அம்மாவைக்கூடக் கையெடுத்துக் கும்பிடலாம். ஏழாம் மாதமானாலும் அழைத்து வந்துவிட்டாள். அழைத்து வராதவர்களிடம்தான் எனக்குப் பேச்சு.

பதின்ம வயதில் பிள்ளை பெறுபவளுக்கு இரத்தசோகையும் இரத்த அழுத்தமும் எளிதில் வரும்; குறைமாதத்திலும் எடை குறைந்தும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதல். இதெல்லாம் முதல் மூன்று மாதத்தில் போனால் கையில் பிடிக்கக்கூடியவை. அரசு கிளினிக்கில் கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று பார்த்து வயிற்றைப் பரிசோதிப்பதில்லை. பதிவுப் புத்தகம் கொடுத்து, இரத்தம் எடுத்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஆபத்துக்குத் தக்கபடி நிற ஒட்டுப் போட்டு, தேவையானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பிரசவம் ஆன பிறகு தாதி வீடு தேடி வருகிறார். தொப்புள் காய்ந்ததா, பால் இறங்குகிறதா, தாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்க்கிறார். இவ்வளவையும் ஏற்பாடு செய்துவைத்திருக்கும் சுகாதார அமைச்சுக்கு 2013 முதல் 2018 வரை அமைச்சராக இருந்த டாக்டர் ச. சுப்பிரமணியம் அப்போது நம் சிகாமட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்தான். அவர் வந்தால் மாலை போட வரிசையில் நின்றோம். அவர் அமைச்சின் கிளினிக்குக்கு மகளை அழைத்துப்போக மட்டும் கால் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சியாக்கோ ஆய்வுக் குழு 2011லிருந்து நம் வட்டாரத்தில் வேலை செய்கிறது. பெக்கோக், சாஆ, கெமரே, ஜாபி, சுங்கை சிகாமட் ஆகிய ஐந்து முக்கிம்களில் வீடு வீடாக வந்து கேட்கிறார்கள். சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் சொல்கிறோம். நீரிழிவில் காலில் வந்த புண்ணைக்கூடக் காட்டுகிறோம். வந்தவர் கேட்டது நம் நோயை. அதில் மானம் போகவில்லை. மகளின் கர்ப்பத்தில் மட்டும் மானம் முழுவதையும் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

“நம்ம பிள்ளைகள் அப்படி இல்லை, இது வேற இனத்தவங்க பிரச்சினை” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2007க்கும் 2017க்கும் இடையில் இந்த நாட்டில் சிறுவயதுத் திருமணங்கள் ஏறக்குறைய 15,000 என்று 2018இல் அரசாங்கம் சொன்னது. அதில் மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம் அல்லாதவர்களுடையது. 2010லிருந்து 2019 வரை வீசியெறியப்பட்ட பச்சிளங்குழந்தைகள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிணமாகத்தான் கிடைத்தார்கள். கழிவறையில் தனியாகப் பிள்ளை பெற்று, வாயைப் பொத்தி, பையில் சுற்றி வைக்கும் பெண்ணைப் பற்றிச் செய்தி வரும்போது “தாயா இவள்?” என்று கேட்கிறோம். அவள் அந்தக் கழிவறைக்குப் போகும்வரை, அதே வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆர்ஃபன்கேர் அறக்கட்டளை 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் குழந்தைகளுக்கான தொட்டில் சாளரத்தைத் திறந்தது, பின்னர் ஜொகூர் பாருவிலும். சிறு கதவைத் திறந்து குழந்தையை வைத்துவிட்டுப் போனால் உள்ளே மணி அடிக்கும். அது வேண்டியதுதான், உயிரைக் காக்கிறது. ஆனால் பெற்ற வீட்டின் கதவு திறக்காததால்தானே அந்தக் கதவு தேவைப்பட்டது?

சரி, ஒளிக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? கல்யாணம் செய்துவைக்கிறார்கள். எட்டு நாளில் முகூர்த்தம் பார்த்து, கோயிலில் பத்துப் பேர் முன்னிலையில் தாலி. பிரச்சினை தீர்ந்தது என்று பெருமூச்சு. தீரவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பதினெட்டுதான் குறைந்தபட்ச வயது. பதினாறு முடிந்த பெண்ணுக்கு மந்திரி பெசாரின் அனுமதி இருந்தால் மட்டும் விலக்கு. அனுமதி இல்லாமல் கட்டிய தாலி சட்டத்தின் முன் வெறும் மஞ்சள் கயிறு. வயது வந்தவர்களே ஆனாலும், கோயிலில் கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டவர்கள் நம்மில் எத்தனையோ. அந்த அப்புறம் வருவதேயில்லை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆயிரக்கணக்கில் இறைக்கிற கை, பதிவதிகாரி முன் கையெழுத்துப் போட ஏன் இப்படி நடுங்குகிறது என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

பெண்ணுக்குப் பதினாறு நிரம்பவில்லை என்றால் பேச்சே வேறு. அவள் சம்மதித்தாள், காதலித்தாள் என்பதெல்லாம் சட்டத்தில் செல்லாது, அது வன்புணர்ச்சி. மருத்துவருக்குத் தெரிவிக்கும் கடமை உண்டு, வீட்டாருக்கும் உண்டு. 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி தெரிந்தும் மறைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். பதினான்கு வயதுப் பெண்ணைக் கெடுத்தவனுக்கே கட்டிவைத்து, “நல்ல வேளை, மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார்” என்று நன்றி சொல்லும் குடும்பத்துக்கு என்ன பெயர் வைப்பது? அவன் சொந்தக்காரனாக இருந்தால் இன்னும் இறுக்கமாக வாயை மூடுகிறோம்.

இப்போது குழந்தைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். மற்றதையெல்லாம் பிறகு சரி செய்யலாம், இதைச் சரி செய்வது பெரும்பாடு.

குழந்தை பிறந்தால் அறுபது நாளுக்குள் பதிய வேண்டும். பெற்றோர் சட்டப்படி மணமானவர்கள் இல்லையென்றால், 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு வருகிறது. தகப்பன் நான்தான் என்று ஒருவன் முன்வந்து, தாயும் அவனும் சேர்ந்து கேட்டு, இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அவன் பெயர் ஏறும். இல்லையென்றால் தகப்பன் விவரம் வரவேண்டிய கட்டங்களில் “மக்லுமாட் தீடாக் டிபெரோலே” என்று அச்சாகும். தகவல் கிடைக்கவில்லையாம். பெயருக்கு அதே வாசகம், அடையாள அட்டை எண்ணுக்கு அதே வாசகம், இனத்துக்கு அதே வாசகம். ஆரம்பப் பள்ளியில் சேர்க்கும் நாளில் அந்தத் தாளை ஆசிரியர் திருப்பிப் பார்ப்பார், பிறகு நம் முகத்தைப் பார்ப்பார். தகவல் கிடைக்காமலா போனது? பெரும்பாலும் அடுத்த தாமானில்தான் அந்தத் தகவல் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு திரிகிறது.

இருந்தாலும் அந்தத் தாளாவது வேண்டும். தாய் குடியுரிமை உள்ளவள் என்றால், தகப்பன் பெயர் இல்லாவிட்டாலும் இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு பதியாமலே விட்டால்தான் வினை. அறுபது நாள் தாண்டினால் தாமதப் பதிவு. வருடங்கள் தாண்டினால் சாட்சி, விசாரணை, பிரசவம் பார்த்த இடத்தின் ஆவணம் என்று நீளும். தாயே ஐசி ஒன்றுமே இல்லாதவள் என்றால் இன்னும் மோசம். மணமாகாமல் பிறந்த பிள்ளை குடியுரிமையில் தாயின் வழி போகும். தகப்பன் குடிமகனுக்குரிய நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளைக்குப் பயன்படாது. 2011இல் ஆவணம் இல்லாதவர்களைப் பதியும் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது நாடு முழுக்க எத்தனை தமிழர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் வரிசையில் நின்றார்கள், நினைவிருக்கிறதா? அவர்களில் பலருடைய கதை ஏதோ ஒரு தோட்டத்தில், பதியாத ஒரு தாலியில் தொடங்கியது. பாட்டன் பாட்டி அன்று அறியாமல் செய்தார்கள். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

குழந்தையைக் கமுக்கமாகப் பிள்ளை இல்லாத உறவினருக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. சிலர் ஒரு படி மேலே போய், பெற்றவள் பெயரையே மாற்றி வளர்ப்பவள் பெயரில் பதியப் பார்க்கிறார்கள். அது பொய் வாக்குமூலம், குற்றம். உண்மையாகவே வளர்க்க முடியாத நிலை என்றால் சமூகநல இலாகாவில் சொல்லி, நீதிமன்றம் வழியாகத் தத்துக் கொடுக்கலாம். அப்போது பெற்றவளும் குழம்பமாட்டாள், வளர்ப்பவளும் பயந்துகொண்டே இருக்கமாட்டாள், பிள்ளையும் ஐசி எடுக்கப்போகும் பன்னிரண்டு வயதில் கவுண்டரில் நின்று விழிக்காது.

யாரிடம் போவது என்று தெரியவில்லை என்கிறீர்கள். 15999. தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி, இருபத்து நான்கு மணி நேரமும். எண்ணைத் தெரிந்துவைத்திருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. நம் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகைக்கு மனுப் போடலாம். அதற்கும் அந்தப் பிறப்புப் பத்திரம்தான் கேட்பார்கள். சுற்றிச் சுற்றி எல்லா வழியும் அந்தத் தாளில்தான் வந்து நிற்கிறது.

நம் முன்னோர் இவ்வளவு கல்நெஞ்சக்காரர்களாக இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகை நினைவிருக்கும். பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குச் சங்கு ஊதுமுன், இருட்டோடு இருட்டாகத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். குறுக்குக் கம்பியில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒரு கையால் ஒரு தொட்டிலை ஆட்டி, காலால் இன்னொன்றைத் தள்ளி, மறு கையால் மூன்றாவதற்குப் பாலைப் புகட்டும் ஆயாவைப் பார்த்திருப்பீர்கள். மூத்திரத் துணியும் பால்மாவும் டெட்டாலும் கலந்த அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அங்கே போட்ட பிள்ளையின் தாய்க்கு வயது பதினாறா இருபத்தாறா, தகப்பன் இருக்கிறானா ஓடிவிட்டானா என்று ஆயா கேட்டதில்லை; கேட்டாலும் தொட்டில் உண்டு. துரை மனமிரங்கிக் கட்டியதல்ல அது, சட்டம் கட்டச் சொன்னது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்திலும் தோட்டங்களின் குழந்தைக் காப்பகக் கடமை இருக்கிறது. ஆனால் தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாம் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் வந்துவிட்டோம். லயத்தை விட்டதில் வருத்தமில்லை, அதில் மழைக்கு ஒழுகியது. ஆயாக்கொட்டகையையும் சேர்த்து விட்டுவந்தோமே, அதற்குப் பதில் என்ன கட்டினோம்? நாலாவது மாடியில் பதினெட்டு வயதுத் தாய் ஒருத்தி கைக்குழந்தையோடு பகல் முழுக்கத் தனியாக இருக்கிறாள். வேலைக்குப் போனால் பிள்ளையை யாரிடம் விடுவது? டாஸ்கா என்ற பதிவு பெற்ற குழந்தைக் காப்பகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை. கீழ்வீட்டு அக்காவுக்கோ அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சம்.

எனக்கு ஒரு யோசனை. நம் கோயில் மண்டபங்கள் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கின்றன. ராஜகோபுரத்துக்குப் புது வர்ணம் அடிக்க ரசீதுப் புத்தகம் அச்சடிக்கிற நிர்வாகம், அந்த மண்டபத்தில் முறையாகப் பதிந்து ஒரு டாஸ்கா நடத்த முடியாதா? நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ என்றால் 1984ஆம் ஆண்டின் குழந்தைக் காப்பகச் சட்டப்படி பதிவு வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், தீயணைப்புப் படையின் அனுமதி வேண்டும். செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. கும்பாபிஷேகத்துக்கு இதைவிட அதிகத் தாள்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

2023 மார்ச்சில் வெள்ளம் வந்ததே, சிகாமட்டும் லாபிசும் சாஆவும் முங்கியதே. அப்போது நாம் எப்படி இருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். பானை பானையாகச் சோறு வடித்தோம். பெயர் தெரியாதவர்களுக்குப் பாயும் பால்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தோம். “ஆற்றங்கரையில் ஏன் வீடு கட்டினாய், உனக்கு வேண்டும்” என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் தண்ணீர் ஏறும்போது மட்டும் நமக்கு முதலில் அந்தக் கேள்விதான் வருகிறது.

படிப்பு. “இனி இவளுக்கு எதுக்குப் படிப்பு” என்ற வாக்கியத்தை இந்த ஊர் வீடுகளிலிருந்து கழுவித் துடைக்க வேண்டும். பிள்ளை பெற்றவள் எஸ்பிஎம் தேர்வு எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. தனித் தேர்வராகவாவது எழுதலாம். சிகாமட் சமூகக் கல்லூரியில் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. ஜமைக்காவைப் பாருங்கள். நம்மைப்போலவே வெள்ளைக்காரன் தோட்டம் போட்ட தீவு. அங்கே கரும்பு, இங்கே ரப்பர். 1978இல் கிங்ஸ்டனில் கருவுற்ற பள்ளி மாணவிகளுக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். பிரசவம் வரை அங்கே பாடம், பிறந்த குழந்தைக்கு அங்கேயே காப்பகம், பிறகு மறுபடி பள்ளிக்கூடம். தீவு முழுக்கப் பரவிய அந்த வழியை 2013இல் அரசாங்கம் கொள்கையாகவே ஆக்கிவிட்டது. ஜமைக்காக்காரர்களுக்கு மானம் இல்லையா என்ன? அவர்கள் பெண்ணின் படிப்பைக் காப்பாற்றுவதை மானமாக நினைத்தார்கள்.

கடைசியாக, ஆண் பிள்ளையைப் பெற்றவர்களே. இவ்வளவு நேரம் யாருக்கோ சொல்கிறாள் என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் பாதிப் பங்கு. விஷயம் தெரிந்ததும் பையனைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, “அந்தப் பெண் எப்படிப்பட்டவளோ” என்று தெருவில் ஒரு வார்த்தையைத் தூவிவிட்டு வந்துவிடுகிறீர்கள். அவனுக்கும் பத்தொன்பதோ இருபதோ, பயந்து போயிருக்கிறான், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசைகூட இருக்கலாம். அதைச் சொல்ல விடாமல் அவன் வாயை அடைத்தவர்கள் நீங்கள். மணமாகாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் மாதப் பணம் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடலாம். 1950ஆம் ஆண்டுச் சட்டம் அது, புதிதாக யாரும் உங்களைக் குறிவைத்து எழுதியதல்ல. இருவரும் வயது வந்தவர்கள், மனமொத்தவர்கள் என்றால் பின்னர் முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் முன்பே பிறந்த பிள்ளையையும் சட்டபூர்வமானதாக ஏற்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. மனம் ஒத்துப்போகவில்லையா, கட்டிவைக்காதீர்கள். தகப்பன் என்ற கையெழுத்துக்குத் தாலி தேவையில்லை.

ஆகவே, அவனை ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஐசியை எடுத்துவரச் சொல்லுங்கள். பதிவு இலாகாவுக்கு நீங்களும் கூடப் போங்கள். அங்கே அந்தப் பெண்ணின் அம்மா குழந்தையோடு உட்கார்ந்திருப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போகாமல் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். எண் கூப்பிட எப்படியும் நேரமாகும்.